வியாலிக்காக ஏன் இத்தனை ஊர்கள் அழுதன? கேள்வி பதில்

இத்தாலியக் கால்பந்து வீரர் ஜான்லூகா வியாலி 2023 ஜனவரி 6 அன்று லண்டனில் கணையப் புற்றுநோயால் இறந்தார். வயது 58. அவரது நினைவு நாளை ஒட்டி நண்பர்கள் பலர் கேள்விகள் அனுப்பியிருந்தார்கள். அந்தக் கால இத்தாலியக் கால்பந்தை விடாமல் பின்தொடர்கிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நான் ட்ரோக்பா, லாம்பார்ட் காலத்தில் செல்சி ரசிகன் ஆனவன். வியாலி இறந்த அன்று பழைய செல்சி ரசிகர்கள் உடைந்துபோனதைப் பார்த்தேன். அவர் கோப்பை வாங்கிக் கொடுத்த மேனேஜர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய ஆளா?

பெரிய ஆள்தான் தம்பி. 1964இல் வட இத்தாலியில் கிரெமோனா என்ற ஊரில் பிறந்தவர். வசதியான குடும்பம். சொந்த ஊர் அணியான கிரெமோனேசேயில் ஆடத் தொடங்கி, 1984இல் ஜெனோவா நகரத்தின் சாம்ப்டோரியாவுக்கு வந்தார். அங்கே எட்டு வருடம். பிறகு யுவென்டஸ். 1996இல் ரோம் நகரில் அயாக்ஸைப் பெனால்டியில் வென்று சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கிய யுவென்டஸின் கேப்டன் அவர்தான். அதோடு அங்கிருந்து கிளம்பி லண்டனுக்கு, உங்கள் செல்சிக்கு வந்தார்.

1998 பிப்ரவரியில் மேனேஜர் ரூத் ஹுல்லிட்டை நீக்கிவிட்டு, இன்னும் ஆடிக்கொண்டிருந்த வியாலியையே மேனேஜராகவும் ஆக்கினார்கள். வயது 33. முதல் மேட்ச் ஆர்சனலோடு லீக் கோப்பை அரையிறுதி. டிரஸ்ஸிங் ரூமில் ஆளுக்கொரு கிளாஸ் ஷாம்பெய்ன் கொடுத்துவிட்டுத்தான் மைதானத்துக்கு அனுப்பினார். 3-1 என்று ஜெயித்தார்கள். மூன்று மாதத்துக்குள் லீக் கோப்பையும் ஐரோப்பிய கோப்பை வென்றோர் கோப்பையும் கைக்கு வந்துவிட்டன. 2000இல் எஃப்.ஏ. கோப்பை. பின்னாளில் செல்சியை வாங்கிய ரஷ்யப் பணக்காரர் அப்ரமோவிச்சின் பணம் வருவதற்கு முந்தைய காலம் இது. பல வருடம் கோப்பையைப் பார்க்காமல் காத்திருந்த ரசிகர்களுக்கு ஜோலா, டி மத்தேயோ, வியாலி என்ற இத்தாலியர் மூவரும் என்னவாக இருந்தார்கள் என்பதை 2005க்குப் பிறகு வந்தவர்கள் உணர்வது கஷ்டம். அதனால்தான் உங்களைவிட மூத்தவர்கள் அப்படி அழுதார்கள்.

கேள்வி: வெம்ப்லியில் மன்சினியும் வியாலியும் கட்டிப்பிடித்து அழும் படம் எங்கே பார்த்தாலும் வருகிறது. அதன் பின்னணி என்ன? ஒரு கோப்பை ஜெயித்ததற்கா அவ்வளவு அழுகை?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்சினியும் வியாலியும் ஒரே வயதுக்காரர்கள், 1964இல் பிறந்தவர்கள். சாம்ப்டோரியாவில் 10ஆம் எண் மன்சினி, 9ஆம் எண் வியாலி. 'கோல் இரட்டையர்' என்று இத்தாலி அவர்களை அழைத்தது. சாம்ப்டோரியா பெரிய அணி கிடையாது. 1946இல் இரண்டு சங்கங்கள் இணைந்து உருவானது. பாவ்லோ மன்டோவானி என்ற எண்ணெய் வியாபாரி தலைவரானதும், இளைஞர்களாகப் பார்த்து வாங்கி, பிள்ளைகளைப் போல வைத்துக்கொண்டார். பயிற்சியாளர் வுயாதின் போஷ்கோவ். மிலன் போன்ற பணக்கார அணி கூப்பிட்டும் வியாலி போகவில்லை. நண்பர்களோடு இங்கேயே ஜெயிக்க வேண்டும் என்று இருந்தார். 1990இல் கோதன்பர்க் நகரில் ஆண்டர்லெக்ட்டுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் வியாலி அடித்த இரண்டு கோல்களால் கோப்பை வென்றோர் கோப்பை வந்தது, ஐரோப்பிய அளவில் அணியின் முதல் கோப்பை. அடுத்த வருடமே இத்தாலிய லீக் பட்டம். வியாலிக்கு 19 கோல், அந்த சீசனின் அதிக கோல் அவருடையதுதான். சாம்ப்டோரியா இதுவரை வென்ற ஒரே லீக் பட்டம் அது.

1992 மே 20. ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதி. இடம் லண்டன் வெம்ப்லி, எதிரே பார்சிலோனா. வியாலிக்கு நல்ல வாய்ப்புகள் வந்தன, கோல் விழவில்லை. கூடுதல் நேரத்தில் அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். பிறகு பார்சிலோனாவின் கூமன் அடித்த ஒரு ஃப்ரீ கிக்கில் எல்லாம் முடிந்துபோனது. சில வாரத்தில் வியாலி யுவென்டஸுக்குப் போனார். மறு வருடம் மன்டோவானி இறந்தார். அந்த அணியும் கலைந்துவிட்டது.

இனி 2021 ஜூலை 11க்கு வாருங்கள். பழைய வெம்ப்லியை இடித்து அதே இடத்தில் கட்டிய புதிய வெம்ப்லி. ஐரோப்பிய நாடுகளுக்கான யூரோ கோப்பை இறுதியில் இங்கிலாந்தைப் பெனால்டியில் இத்தாலி வென்றது. இத்தாலியின் பயிற்சியாளர் மன்சினி. அணிக் குழுவின் தலைவர் வியாலி. மன்சினியின் உதவியாளர்கள் யார் தெரியுமா? லொம்பார்தோ, சல்சானோ, நுச்சாரி, எவானி. அத்தனை பேரும் சாம்ப்டோரியா சட்டை போட்டவர்கள். அவர்களில் லொம்பார்தோவும் நுச்சாரியும் 1991 பட்ட அணியில் இருந்தவர்கள். இருபத்தொன்பது வருடத்துக்கு முன் தோற்று அழுத அதே இடம். நடுவில் வியாலிக்குப் புற்றுநோய் வந்து, சரியாகிவிட்டது என்று சொல்லியிருந்த நேரம். மன்சினி அவர் தோளில் முகம் புதைத்து அழுதது கோப்பைக்காக மட்டும் என்று எனக்கு எந்த நாளும் தோன்றியதில்லை.

அந்த யூரோ தொடரில் இன்னொரு விஷயமும் நடந்தது. முதல் மேட்ச்சுக்குக் கிளம்பும்போது பஸ் தவறுதலாக வியாலியை விட்டுவிட்டு நகர்ந்துவிட்டது. பிறகு நிறுத்தி ஏற்றிக்கொண்டார்கள். துருக்கியை 3-0 என்று ஜெயித்ததும் அதையே ராசியாக்கிவிட்டார்கள். அடுத்தடுத்த மேட்ச்சுகளுக்கும் அவரை விட்டுவிட்டுப் போவது போலப் போய், நிறுத்தி ஏற்றிக்கொள்வார்கள். நோயைக் கடந்து வந்திருந்த மனிதரைச் சுற்றி வீரர்கள் எவ்வளவு இயல்பாக, சிரிப்போடு இருந்தார்கள் என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

கேள்வி: சாம்ப்டோரியாவை விட்டு யுவென்டஸுக்குப் போனவரை அந்த ஊர் ரசிகர்கள் மன்னித்தது எப்படி? நம் ஊராக இருந்தால் துரோகி என்றிருப்பார்கள்.

போகிற நேரத்தில் வருத்தம் இருந்தது, வெறுப்பு இல்லை. எட்டு வருடம் கொடுத்தவர், பட்டம் கொடுத்தவர். அவருக்கு யுவென்டஸ் கொடுத்த தொகை அன்றைக்கு உலக சாதனை. சாம்ப்டோரியாவுக்கும் அந்தப் பணம் தேவைப்பட்டது. அதைவிட முக்கியம், அவர் அந்த ஊரை மறக்கவில்லை. 2019இல் முதலீட்டாளர்கள் சிலரோடு சேர்ந்து சாம்ப்டோரியாவையே வாங்கித் தலைவராக வர முயன்றார். ரசிகர்கள் ஆசையோடு காத்திருந்தார்கள். பேரம் படியவில்லை. அந்தக் குறை அவர் இறந்தபோது அவர்கள் துக்கத்தில் கலந்தே இருந்தது என்று நினைக்கிறேன். 2023இல் அந்த அணி இரண்டாம் நிலை லீக்கிற்கு இறங்கிப்போனதைப் பார்க்கும்போது இன்னும் வலிக்கிறது.

கேள்வி: சார், என் அப்பாவுக்கும் இதே நோய்தான். வியாலி எப்படி எதிர்கொண்டார் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.

முதலில், அப்பாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

2018 நவம்பரில்தான் வியாலி வெளியே சொன்னார். அதுவரை சட்டைக்குள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உடல் மெலிந்ததை மறைத்திருக்கிறார். மற்றவர்கள் தன்னைப் பார்த்துப் பரிதாபப்படக் கூடாது, பழைய வியாலியாகவே பார்க்க வேண்டும் என்ற எண்ணம். அறுவைச் சிகிச்சை, மாதக்கணக்கில் கீமோ, பிறகு கதிர்வீச்சு. 2020இல் நோயின் அறிகுறி இல்லை என்றார். 2021 முடிவில் மறுபடி வந்துவிட்டது என்பதையும் அவரே சொன்னார்.

பத்திரிகைகள் எல்லாம் 'போராடுகிறார்' என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அவர் அப்படிப் பேசவில்லை. எதிரி தன்னைவிடப் பலசாலி, சண்டை போட்டால் தோற்றுவிடுவேன் என்றார். வேண்டாமலே தன்னோடு ரயிலில் ஏறிக்கொண்ட சக பயணி அது, என்றாவது சலித்துப்போய் இறங்கிக்கொள்ளும் என்ற நம்பிக்கையோடு பயணத்தைத் தொடர்கிறேன் என்றார். பயமாக இருக்கிறது என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அப்பா சில நாள் சோர்ந்துபோனால், தைரியமாக இருங்கள் என்று அழுத்தாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள், போதும். சிகிச்சை பற்றிய கேள்விகளை மட்டும் மருத்துவரிடமே கேளுங்கள்.

கேள்வி: மிஹாய்லோவிச்சும் அதே சமயத்தில்தானே போனார்?

ஆமாம், மூன்றே வார இடைவெளி. செர்பிய வீரர் சினிஷா மிஹாய்லோவிச் 2022 டிசம்பர் 16 அன்று ரத்தப் புற்றுநோயால் ரோமில் இறந்தார், வயது 53. வியாலி யுவென்டஸுக்குப் போனபிறகு, 1994இல் சாம்ப்டோரியாவுக்கு வந்தவர். மன்சினியோடு ஆடியவர், பிற்பாடு அங்கே பயிற்சியாளராகவும் இருந்தவர். மன்சினியை நினைத்துப் பாருங்கள். ஒரு கிறிஸ்துமஸுக்கு இரண்டு பக்கமும் இரண்டு நண்பர்களைப் பறிகொடுத்த மனிதர்.

ஜனவரி 8 அன்று ஜெனோவாவின் மராஸ்ஸி மைதானத்தில் சாம்ப்டோரியாவும் நாப்போலியும் ஆடின. இருவருக்கும் சேர்த்து அஞ்சலி செலுத்தினார்கள். மேட்ச்சில் நாப்போலி 2-0 என்று வென்றது. அன்றைக்கு ஸ்கோர் யாருக்கு ஞாபகம்?

கேள்வி: அஞ்சலிக்கு மௌனம் சரியா, கைதட்டல் சரியா?

இரண்டும் சரி. பிரிட்டனில் 2005இல் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட் இறந்தபோது பல மைதானங்களில் மௌனத்துக்குப் பதில் கைதட்டினார்கள், அப்போதிலிருந்து அது பரவலாகிவிட்டது. என் விருப்பம், இளம் வயதில் திடீரென்று போனவருக்கு மௌனம். நிறைவாக ஆடி முடித்தவருக்குக் கைதட்டல். வியாலிக்கு நான் கைதட்டுவேன்.

கேள்வி: இறந்துவிட்டால் எல்லாரும் தெய்வம் ஆகிவிடுகிறார்கள். 1990 உலகக் கோப்பையில் சொதப்பியவர்தானே? மேனேஜராகவும் துரத்தப்பட்டவர்தானே?

உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. 1990இல் சொந்த மண்ணில் அமெரிக்காவுக்கு எதிரான பெனால்டியைக் கம்பத்தில் அடித்தார். அவர் இடத்தில் ஸ்கிலாச்சி வந்து நாட்டின் செல்லப்பிள்ளை ஆனார். (ஸ்கிலாச்சியும் 2024 செப்டம்பரில் புற்றுநோயால் போய்விட்டார், வயது 59.) இத்தாலிக்காக வியாலி 59 மேட்ச்சில் அடித்தது 16 கோல்தான். 2000 செப்டம்பரில் செல்சி அவரை நீக்கியது, வீரர்கள் சிலரோடு உறவு கெட்டிருந்தது. அடுத்துப் போன வாட்ஃபோர்டில் ஒரே சீசன்.

ஆனால் ரசிகர்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் அழுதார்கள். வெம்ப்லியில் தவறவிட்ட வாய்ப்புகளை சாம்ப்டோரியாக்காரர்களைவிட யார் நன்றாக நினைவு வைத்திருப்பார்கள்? தோற்ற பிறகும் அந்த நட்பு முப்பது வருடம் நீடித்ததை அவர்கள் கண்ணால் பார்த்தார்கள். கோல் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் வியாலியைவிட அதிகம் அடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்கு இப்படி நான்கு ஊர்கள் (கிரெமோனா, ஜெனோவா, யுவென்டஸின் டுரின், லண்டன்) சேர்ந்து அழாது.

கேள்வி: ஜனவரியில் அந்தச் செய்தியைப் பார்த்து நான் அழுதபோது, 'யாரோ வெள்ளைக்காரன் செத்ததுக்கு நீ ஏன்டா அழுவுற' என்று வீட்டில் கேட்டார்கள். பதில் சொல்லத் தெரியவில்லை.

பதில் சொல்லிப் புரியவைக்க வேண்டிய விஷயம் இல்லை இது. நமக்குப் பதினான்கு, பதினைந்து வயதில் பிடித்துப்போன ஆட்டக்காரர் நம் அந்த வயதோடு ஒட்டிக்கொண்டு விடுகிறார். யாரோடு உட்கார்ந்து மேட்ச் பார்த்தோம், யார் டி.வி.யை நிறுத்தச் சொல்லித் திட்டினார்கள், எல்லாம் சேர்ந்துதான் அவர். அவர் போகும்போது அவற்றிலும் கொஞ்சம் போகிறது. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வீட்டில் கேட்டவர்களுக்கும் அப்படி ஒரு நடிகரோ பாடகரோ நிச்சயம் இருப்பார். ஒரு நாள் அவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், பேச்சு வேறு மாதிரிப் போகும்.

கேள்வி: அந்தப் பழைய நண்பர்கள் கூட்டம் இப்போதும் சேர்ந்திருக்கிறதா?

இருக்கிறது. 2025 வசந்த காலத்தில் சாம்ப்டோரியா மூன்றாம் நிலைக்கே விழுந்துவிடும் என்ற நிலைமை. அந்த அணியின் வரலாற்றில் அப்படி நடந்ததே இல்லை. அப்போது எவானி பயிற்சியாளராகவும் லொம்பார்தோ அவருக்குத் துணையாகவும் வந்தார்கள். மன்சினி பதவி எதுவும் இல்லாமல் பின்னால் நின்று உதவினார். வழக்கமான சீசன் முடிந்தபோது நேரடியாக இறங்கியதாகவே கணக்கு. பிறகு அதே லீக்கில் ஆடிய பிரேஷா அணிக்குப் புள்ளிகள் குறைக்கப்பட்டதால் ஒரு கடைசி வாய்ப்பு கிடைத்தது. அதில் சாலர்னிதானாவைத் தாண்டிப் பிழைத்துக்கொண்டார்கள். வியாலி இருந்திருந்தால் அவரும் அங்கேதான் நின்றிருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கேள்வி: வியாலியை இதுவரை பார்க்காதவர்கள் எந்த மேட்ச்சில் தொடங்கலாம்?

1990 கோதன்பர்க் இறுதியில் தொடங்குங்கள், இரண்டு கோலும் அவருடையது. அப்புறம் 1991 மே 19, லெச்சேவை 3-0 என்று வென்று பட்டம் உறுதியான மேட்ச். மூன்றாவது கோல் வியாலி. மராஸ்ஸியின் தெற்குக் கேலரி அன்று போட்ட கூச்சலை முழுச் சத்தத்தில் கேளுங்கள். 1992 வெம்ப்லியைக் கடைசியாகப் பாருங்கள், தனியாகப் பார்க்க வேண்டாம்.