மலைச்சாலையில் தனியே ஓர் இலையுதிர்காலம்

கேள்வி: எட்டு ஆண்டுகளாகச் சமவெளியில் கார் ஓட்டி வருகிறேன். வரும் இலையுதிர்காலத்தில் ஒரு வாரம் மலைநாட்டில் தனியாகவே காரில் சுற்றிவர வேண்டும் என்று ஆசை. நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் எனத் திட்டமிட்டிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் போகலாமா? எதில் கவனமாக இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போய்வாருங்கள். ஆனால் அந்த 400 என்ற எண்ணை இன்றே அடித்துவிட்டு 180 என்று எழுதிக்கொள்ளுங்கள். கொண்டை ஊசி வளைவுகளும், எதிரே ஏறிவரும் லாரிக்கு ஒதுங்கி நிற்பதுமாக, மலைச்சாலையில் மணிக்குச் சராசரியாக 35 கிலோமீட்டர் கடந்தாலே நன்றாக ஓட்டியிருக்கிறோம் என்று பொருள். அந்தக் கணக்கில் உங்கள் திட்டத்துக்குப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருக்க வேண்டும். அவ்வளவு பகல் அந்தப் பருவத்தில் கிடைப்பது அரிது. வட அரைக்கோளத்தில் செப்டம்பர் 22 அல்லது 23-ஆம் தேதி இரவும் பகலும் ஏறக்குறையச் சமமாகிறது. அதன் பிறகு 45 டிகிரி அட்சரேகையை ஒட்டிய இடங்களில் பகல் நாளொன்றுக்குச் சுமார் 3 நிமிடம் குறைந்துகொண்டே போகிறது. போதாததற்கு, பள்ளத்தாக்கில் ஓட்டுபவருக்கு நாட்காட்டி சொல்லும் நேரத்துக்கு வெகு முன்பே சூரியன் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். மான்கள் இணைதேடி அலையும் பருவமும் அதுவே. அந்தி மங்கலில்தான் அவை அதிகமாகச் சாலையைக் கடக்கும். ஆகவே சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாகவே தங்குமிடத்தை அடைந்துவிடும்படி ஒவ்வொரு நாளையும் வகுத்துக்கொள்ளுங்கள்.

சமவெளியில் பழகியவர்கள் ஏற்றத்தை நினைத்தே அஞ்சுகிறார்கள். என் அனுபவத்தில் அஞ்ச வேண்டியது இறக்கத்தைத்தான். முதன்முறை தனியாக மலையேறித் திரும்பியபோது, நீண்ட இறக்கம் ஒன்றை நான்காவது கியரிலேயே, பிரேக்கை மிதித்தபடி இறங்கிக்கொண்டிருந்தேன். பாதி வழியில் கருகிய நெடி ஒன்று காருக்குள் வந்தது. அடுத்த வளைவில் பிரேக்கை மிதித்தபோது, பஞ்சுமூட்டையை மிதித்தது போல் பெடல் தரைவரை அமுங்கியது, வேகம் குறையவில்லை. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, கைபிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து, ஒதுங்கும் இடம் ஒன்றில் நிறுத்தியபோது முன்சக்கரங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. அன்று பின்சீட்டில் யாராவது இருந்திருந்தால் அந்த நெடியை எனக்கு முன்பே கவனித்துச் சொல்லியிருப்பார்கள் என்று பல நாள் எண்ணியிருக்கிறேன்.

நடந்தது இதுதான். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட்-4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கும். ஈரம் ஏறிப் பழையதாகிவிட்டால் 155 டிகிரியை ஒட்டியே கொதிக்கத் தொடங்கலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் உண்டாகும். நீங்கள் மிதிக்கும் அழுத்தமெல்லாம் அந்தக் குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடும். எனவே கிளம்புமுன் பிரேக் ஆயிலை மாற்றச் சொல்லுங்கள். இறக்கம் தொடங்கும் இடத்திலேயே இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து இறக்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து மிதிக்காமல், வளைவுக்கு முன் ஒருமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை எடுத்துவிடுங்கள். எரிபொருளை மிச்சம்பிடிப்பதாக எண்ணி எஞ்சினை அணைத்து உருளவிடுவது தற்கொலைக்குச் சமம். பவர் ஸ்டியரிங், பிரேக்குக்கான உதவி விசை இரண்டும் கைவிட்டுவிடும்.

மூன்றாவது, குளிர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அடிவாரத்தில் 10 டிகிரி என்றால், 1,500 மீட்டர் மேலே உள்ள கணவாயில் நீர் உறையும் நிலை. வெயில் படாத வளைவுகளும், மேலும் கீழும் காற்று படும் பாலங்களும் முதலில் உறையும். அந்த மெல்லிய பனிக்கட்டிப் படலம் ஈரமான தார்ச்சாலை போலவே தோன்றும். நனைந்த சருகும் அவ்வாறே வழுக்கும். காலை ஒன்பது மணிக்கு முன் கணவாயில் ஏறாதீர்கள். சாலை திறந்திருக்கிறதா என்றும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். அமெரிக்காவின் கொலராடோவில் 3,713 மீட்டர் வரை ஏறும் டிரெயில் ரிட்ஜ் சாலை, வழக்கமாக அக்டோபர் நடுவிலேயே பனிப்பொழிவால் மூடப்பட்டுவிடும்.

வீட்டாரின் பயத்தைத் தணிக்க ஒரு வழி உண்டு. தினமும் காலையில் எந்தச் சாலை, எந்த ஊர், எத்தனை மணிக்குள் அழைப்பேன், அழைக்காவிட்டால் யாருக்குத் தகவல் தர வேண்டும் என்பதை எழுதி ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள். மலையில் பல இடங்களில் செல்பேசி சிக்னல் கிடைக்காது. ஆனால் வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால் ஜி.பி.எஸ். வேலை செய்யும்.

கேள்வி: என்னுடையது மின்சாரக் கார். இறக்கத்தில் பேட்டரி தானாகவே சார்ஜ் ஆகும் என்பதால் கவலையில்லைதானே?

பதில்: ஒரு கவலை இருக்கிறது. உச்சியிலுள்ள விடுதியில் இரவு முழுதும் சார்ஜ் ஏற்றி 100 சதவீதத்துடன் இறங்கத் தொடங்கினால், திரும்பிவரும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள பேட்டரியில் இடம் இருக்காது. மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தும் விசை வெகுவாகக் குறைந்து, பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும். 80 சதவீதத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: இலைகள் நிறம் மாறும் உச்சக்கட்டத்தை எப்படிக் கணிப்பது? சென்ற முறை நான் போனபோது எல்லாம் உதிர்ந்திருந்தது.

பதில்: உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது, ஓராண்டு காத்திருந்து போவதல்லவா? பகல் குறுகிக் குளிர் கூடும்போது மரம் இலையிலுள்ள பச்சையத்தைச் சிதைத்துச் சத்துக்களைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. மஞ்சள் நிறமி முதலிலிருந்தே இலைக்குள் இருப்பதுதான். பச்சை விலகியதும் வெளித்தெரிகிறது. சிவப்பு அப்படியல்ல, அந்த வாரங்களில் இலை புதிதாகத் தயாரிப்பது. வெயிலான பகலும், உறையாத அளவுக்குக் குளிர்ந்த இரவும் தொடர்ந்து வாய்த்தால் சிவப்பு கொழிக்கும். கடும் உறைபனி முன்கூட்டியே விழுந்துவிட்டால் இலை நேராகப் பழுப்பாகிவிடும்.

மேலே குளிர் முதலில் வருவதால் நிறமாற்றமும் உச்சியில் தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல அடிவாரத்துக்கு இறங்குகிறது. எனவே ஒரே உயரத்தில் அறை எடுத்து அமர்ந்துவிடாதீர்கள். மேலே கிளைகள் மொட்டையாக நின்றால், அன்றே 300 அல்லது 400 மீட்டர் கீழே இறங்கிப் பாருங்கள். அங்கே அப்போதுதான் மஞ்சள் ஏறிக்கொண்டிருக்கும்.