வயிற்று ஆபரேஷன் புண்ணில் நீர் கசிகிறதா? கேள்வி பதில்

பதில் சொல்பவர்: தஞ்சாவூரில் சர்ஜரி வார்டு நர்ஸ்

திருவையாறு: அக்கா, அப்பாவுக்குக் குடல் ஆபரேஷன் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. கட்டுத் துணியில் லேசான சிவப்பு நீர் படிகிறது. பயமாக இருக்கிறது.

முதல் சில நாள் கொஞ்சம் கசிவது சகஜம்தான் தம்பி. சிவப்பு வெளிறி மஞ்சளாகி, அளவும் குறைந்துகொண்டே வர வேண்டும். கறையின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, நேரத்தை எழுதச் சொல்லுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினால் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

மன்னார்குடி: அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். ஏழாம் நாள் இருமினபோது புடவை நனையும் அளவுக்குச் செந்நீர் கொட்டியது. வலி இல்லை. தையல் பிரிக்க மூன்று நாள் இருக்கிறது, பொறுக்கலாமா?

பொறுக்காதீர்கள். இதைப் படித்ததும் கிளம்புங்கள். வெளித்தோல் ஒட்டியிருந்தாலும் உள்ளே தசையை மூடிய தையல் விட்டிருக்கலாம். அதற்கு முதல் அறிகுறியே இப்படித் திடீரென்று கொட்டும் செந்நீர்தான், பெரும்பாலும் ஐந்து முதல் பத்து நாளுக்குள் வரும். வலி இல்லாததை நம்பி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள், சாப்பிடவோ குடிக்கவோ எதுவும் தர வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். குடல் வெளியே தெரிந்தால் உள்ளே தள்ளக் கூடாது. சலைனில் நனைத்த சுத்தமான துணியால் மூடி வையுங்கள். சலைன் இல்லையென்றால் ஆறவைத்த கொதிநீர் போதும்.

பாபநாசம்: எனக்குச் சர்க்கரை உண்டு. சீழ் வந்ததால் நாலு தையலைப் பிரித்துத் திறந்தே விட்டுவிட்டார்கள். ஏன் திரும்பத் தைக்கவில்லை?

மேலே தைத்தால் சீழ் உள்ளேயே தங்கிவிடும். அடியிலிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், அதற்குத்தான் காஸ் துணியை உள்ளே வைத்துக் கட்டுகிறார்கள். வாரக் கணக்கில் ஆகும். அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாகச் சதை தெரிந்தால் நல்லபடி ஆறுகிறது என்று அர்த்தம். சர்க்கரை ஏறியிருந்தால் கட்டு மட்டும் மாற்றிப் பயனில்லை, இன்சுலினை விடாதீர்கள். 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், நாற்றம், புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுவது, இதில் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். மலம் போன்ற நீர் வந்தாலும் அப்படித்தான்.

கும்பகோணம்: முட்டை, மீன், பருப்பு எல்லாம் சீழ் வைக்கும் என்று மாமியார் ரசம் சாதம் மட்டும் தருகிறார்.

அக்கறையில்தான் சொல்கிறார், ஆனாலும் அது வேண்டாம். புதுச் சதை வளரப் புரதம்தான் வேண்டும். டாக்டர் சாதாரணச் சாப்பாட்டுக்குச் சரி சொன்னதும் முட்டை, விரால் குழம்பு, பருப்பு, மோர், கூடவே நெல்லிக்காய் கொடுக்கலாம். கிட்னிக் கோளாறு இருந்தால் மட்டும் புரதத்தின் அளவை டாக்டரிடம் கேளுங்கள். வெறும் ரசம் சாதத்தில் பிழைத்திருக்கலாம், புண் ஆற அது போதாது.

வேதாரண்யம்: மஞ்சள் வைக்கலாமா? வாய்க்காலில் குளிக்கலாமா?

இரண்டும் கூடாது. காபித்தூள், தேங்காய் எண்ணெயும் வேண்டாம். ஆற்றிலும் குளத்திலும் இறங்குவது புண் முழுக்க ஆறிய பிறகு.

சீர்காழி: சம்பா நடவு வருகிறது அக்கா. ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம். வயலுக்குப் போகலாமா?

வரப்பில் நடந்து மேற்பார்வை பார்க்கலாம், குனிந்து நடுவதோ மூட்டை தூக்குவதோ வேண்டாம். குறைந்தது ஆறு வாரம், பெரிய வெட்டு என்றால் மூன்று மாதம். தழும்பு ஏறக்குறைய எண்பது சதவீத பலம் பெறவே மூன்று மாதம் பிடிக்கும். அதற்குள் பாரம் தூக்கினால் வெட்டின இடத்தில் குடலிறக்கம் வரலாம். இருமல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். பீடி பிடித்தால் நிறுத்துங்கள், இருமலும் குறையும், புண்ணுக்கு ரத்தமும் நன்றாகப் போகும்.