மவுஸைத் தொடாமல் விசைப்பலகையாலேயே படிநிலைக் குறிப்புகளை அடுக்க எந்தக் கருவி நல்லது? நீங்கள் எப்படிப் பயன்படுத்துகிறீர்கள்?

கேள்வி கேட்டவர் சட்ட மாணவர். பிரிவு, உட்பிரிவு, விதிவிலக்கு, தீர்ப்பு என்று ஒன்றுக்குள் ஒன்றாக விரியும் குறிப்புகளை வேர்டில் வைத்திருக்கிறார். ஒரு பகுதியை இடம் மாற்ற ஒவ்வொரு முறையும் மவுஸால் தேர்ந்தெடுத்து, வெட்டி, ஒட்ட வேண்டியிருக்கிறது, மணிக்கட்டு வலிக்கிறது என்கிறார். கைப்பேசியிலும் பார்க்க முடிய வேண்டுமாம்.

நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். பல வருடங்களாக ஈமாக்ஸ் என்ற உரைத்தொகுப்பியில் இருக்கும், குறிப்புகளை அடுக்கும் வசதியான ஆர்க் மோடைத்தான் பயன்படுத்துகிறேன். என் பதிலும் அதுதான். ஆனால் கருவியின் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பயனில்லை. குறிப்பைச் சேமிக்க எந்தக் கருவியும் போதும். குறிப்பை நகர்த்துவதற்குத்தான் இது வேண்டும். எது எதற்குக் கீழே வரும், எது முதலில் வரும் என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கும்போதுதான் வழக்கே எனக்குப் புரிய ஆரம்பிக்கிறது. அந்த மாற்றம் ஒரு விசை அழுத்தத்தில் முடிந்தால் நூறு முறை செய்து பார்ப்போம். மவுஸை எடுத்து இழுக்க வேண்டுமென்றால் இரண்டு முறையோடு விட்டுவிடுவோம்.

ஒரு வழக்கை வைத்தே சொல்கிறேன். ஆட்களையும் ஆண்டுகளையும் மாற்றியிருக்கிறேன். பாகப்பிரிவினை வழக்கு, நாங்கள் மகள் தரப்பு. அப்பாவின் சொத்தில் பங்கு கேட்டுப் பிராது போட்டிருந்தோம். எதிர்த்தரப்பு அண்ணன்மார் இருவர். நீதிமன்றம் வகுத்த எழுவினாக்கள், அதாவது தீர்ப்பில் விடை சொல்ல வேண்டிய கேள்விகள், நான்கு: சொத்து பூர்வீகமா, அப்பாவின் சுய சம்பாத்தியமா? உயில் உண்மையானதா? வாய்மொழியாக ஏற்கெனவே பாகப்பிரிவினை நடந்துவிட்டதா? மகளுக்கு என்ன பரிகாரம்?

ஆர்க் மோடில் வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரமும் ஓர் இடைவெளியும் போட்டால் அது முதல்நிலைத் தலைப்பு. இரண்டு நட்சத்திரம் என்றால் அதற்கு உட்தலைப்பு. அவ்வளவுதான் இலக்கணம். கோப்பு வெறும் எழுத்துக் கோப்பு. நோட்பேடில் திறந்தாலும் அப்படியே படிக்கலாம். முதலில் நான்கு எழுவினாக்களையும் நான்கு தலைப்பாகப் போட்டேன். அப்புறம் கேஸ் கட்டைப் புரட்டிக்கொண்டே கண்ணில் பட்டதையெல்லாம் அவற்றின் கீழே கொட்டினேன். கிரயப் பத்திரம், கிஸ்தி ரசீது, வில்லங்கச் சான்று, எதிருரையில் அவர்கள் சொன்னது, நிரூபண வாக்குமூலத்தில் சொன்னது எல்லாமே. ஆல்ட்டுடன் என்டர் தட்டினால் அதே நிலையில் புதிய தலைப்பு வரும். இந்தக் கட்டத்தில் வரிசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

அடுத்த நாள் மூத்த அண்ணனுக்குக் குறுக்கு விசாரணை என்றிருந்தது. சீனியர் கட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டார்: "ஏம்மா, பெரியவரைக் கூண்டுல ஏத்துனா முதல்ல எதைக் கேக்கப் போறே?"

"உயில்ல இருந்து ஆரம்பிக்கலாம்னு இருக்கேன் சார்."

"ஏன் உயில்?"

எனக்குப் பதில் இல்லை. எழுவினா வரிசையில் அது பாகப்பிரிவினைக்கு முன்னால் இருந்தது, அதனால் என் குறிப்பிலும் முன்னால் இருந்தது.

அன்று இரவு 'பி.சா.1 குறுக்கு விசாரணை' (பி.சா.1 என்றால் பிரதிவாதி தரப்பு முதல் சாட்சி) என்று புதிய தலைப்பு போட்டு, நான்கு எழுவினாக்களின் கீழும் கிடந்தவற்றில் இந்தச் சாட்சிக்குப் பொருந்துவதையெல்லாம் அங்கே அனுப்பினேன். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-டபிள்யூ. எங்கே அனுப்ப வேண்டும் என்று கேட்கும். தலைப்பின் முதல் சில எழுத்துகளைத் தட்டி டேப், என்டர். கிளை முழுவதும், அதன் உட்கிளைகளோடு, அங்கே போய்விடும். இதற்கு ரீஃபைல் என்று பெயர். தொடக்கத்தில் இது முதல்நிலைத் தலைப்புகளை மட்டும்தான் காட்டும். அமைப்பில் 'ரீஃபைல் டார்கெட்ஸ்' என்பதில் ஆழத்தை 3 ஆக்கிக்கொள்ளுங்கள். இதைத் தெரியாமல் பலர் ரீஃபைலையே கைவிட்டுவிடுகிறார்கள்.

அப்புறம் ஒவ்வொரு தலைப்பின் முன்னாலும் அந்தச் சம்பவம் நடந்த வருடத்தைச் சேர்த்தேன். கன்ட்ரோல்-சி-யும் மேற்கூரைக் குறியும் (^) தட்டி, 'என்' எழுத்தை அழுத்தினால் எண் வரிசையில் அடுக்கிவிடும். அடுக்கியதும் திரையில் இப்படி நின்றது:

* பி.சா.1 குறுக்கு விசாரணை
** 1962 தாத்தா பெயரில் கிரயம்
** 1994 வாய்மொழி பாகப்பிரிவினை
*** "அன்று முதல் அவரவர் பங்கைத் தனித்தனியே அனுபவித்து வருகிறோம்" (நிரூபண வாக்குமூலம், பத்தி 6)
** 2001 அப்பாவின் உயில்
*** "என் அனுபவத்தில் உள்ள முழுச் சொத்தையும்" (உயில், பக்கம் 2)

1994-இல் பிரித்துக்கொண்டு தனித்தனியே அனுபவித்து வந்திருந்தால், 2001-இல் முழுச் சொத்தும் அப்பாவின் அனுபவத்தில் எப்படி இருக்கும்? உயில் உண்மையென்றால் பாகப்பிரிவினை பொய்; பாகப்பிரிவினை உண்மையென்றால் உயிலின் வாசகம் பொய். ஒன்று இரண்டாம் எழுவினாவின் கீழும் மற்றொன்று மூன்றாம் எழுவினாவின் கீழும் இருந்தவரை, இரண்டையும் எத்தனையோ முறை படித்தும் எனக்கு இது தோன்றவில்லை. அடுத்தடுத்த வரியில் வந்ததும் தோன்றியது. காலையில் சீனியரிடம் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினேன். "அப்ப 94-ல ஆரம்பி. பிரிச்சதை நல்லா உறுதியாச் சொல்ல வை. உயிலைக் கடைசியில எடு" என்றார். உயில் கடைசியில்தான் இருந்தது; ஆல்ட்டுடன் மேல் அம்பை அழுத்தி 94 கிளையை முழுசாக முதலிடத்துக்கு ஏற்றினேன்.

வேறு கருவியிலும் இதைச் செய்திருக்க முடியும்தான். ஆனால் இரவு பதினொரு மணிக்கு முப்பது நாற்பது குறிப்புகளை இடம் மாற்றி, மறுபடி அடுக்கி, பிடிக்காமல் கன்ட்ரோலுடன் சாய்கோட்டை அழுத்தித் திரும்பப் பழையபடி ஆக்கி, வேறு விதமாக அடுக்கிப் பார்க்கும் பொறுமை மவுஸோடு எனக்கு வந்திருக்காது.

தினமும் கை தானாகப் போகும் விசைகள் மிகக் குறைவு. டேப் அழுத்தினால் கிளை மூடும், பிள்ளைகள் மட்டும் தெரியும், பிறகு முழுவதும் விரியும். ஷிஃப்ட்டுடன் டேப் கோப்பு முழுவதற்கும் அதையே செய்யும். ஆல்ட்டுடன் மேல், கீழ் அம்புகள் கிளையை நகர்த்தும். இடது, வலது அம்புகள் நிலையை ஏற்றி இறக்கும். இந்த ஐந்தாறு போதும், முதல் மாதத்துக்கு வேறு எதையும் கற்க வேண்டாம்.

இடது, வலது அம்புகளில் மட்டும் ஒரு கவனம் வேண்டும். ஆல்ட் மட்டும் அழுத்தினால் அந்தத் தலைப்பு ஒன்றுதான் நகரும், அதன் பிள்ளைகள் இருந்த நிலையிலேயே நிற்கும். கிளை விரிந்திருக்கும்போது ஒரு தலைப்பை வலப்பக்கம் இறக்கினால், அதுவரை அதன் பிள்ளைகளாக இருந்தவை உடன்பிறப்புகளாகிவிடும். மூடியிருக்கும் கிளையில் இதைச் செய்யப் போனால் ஆர்க் மோடே தடுத்து, ஷிஃப்ட்டையும் சேர்த்து அழுத்தச் சொல்லும். ஆல்ட், ஷிஃப்ட், அம்பு மூன்றும் சேர்ந்தால்தான் குடும்பத்தோடு நகரும். நான் எப்போதும் கிளையை மூடிவிட்டு மூன்று விசையைத்தான் அழுத்துகிறேன்.

இன்னொன்று, கன்ட்ரோல்-எக்ஸ், என், எஸ். நிற்கும் கிளையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் திரையிலிருந்து மறைத்துவிடும். ஒரு சாட்சிக்குத் தயாராகும்போது மற்ற சாட்சிகளின் குறிப்பு கண்ணில் படவே கூடாது. கன்ட்ரோல்-எக்ஸ், என், டபிள்யூ அழுத்தினால் எல்லாம் திரும்ப வந்துவிடும். முதல் தடவை எஸ் அழுத்தியவர்கள் கோப்பே அழிந்துவிட்டது என்று பயந்துவிடுவார்கள், அதனால்தான் டபிள்யூவையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மர வடிவத்துக்கு ஓர் இயல்பான குறை உண்டு. ஒரு குறிப்புக்கு ஒரு தாய்தான் இருக்க முடியும். தாத்தா பெயரில் கிஸ்தி கட்டிய ரசீது, சொத்து பூர்வீகம் என்பதற்கும் ஆதாரம், பாகப்பிரிவினை நடக்கவில்லை என்பதற்கும் ஆதாரம். எங்கே வைப்பது? இரண்டு இடத்திலும் நகல் வைத்தால் ஒன்றைத் திருத்திவிட்டு மற்றொன்றை மறந்துவிடுவோம். நான் ஓர் இடத்தில் வைத்து, கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-க்யூ அழுத்தி அடையாளச் சொற்கள் போடுகிறேன். தமிழிலேயே போடலாம், நடுவில் இடைவெளியோ இணைப்புக்கோடோ கூடாது. பிறகு கன்ட்ரோல்-சி-யும் பின்சாய்கோடும் தட்டி அந்தச் சொல்லைக் கொடுத்தால், அந்த அடையாளம் உள்ளவை மட்டும் தெரிய, மற்றவை மடங்கிக்கொள்ளும். உங்களுக்கும் இது வேண்டியிருக்கும். ஒரே தீர்ப்பு மூன்று பிரிவுகளுக்குப் பொருந்துவது சட்டப் படிப்பில் தினப்படி விஷயம்.

தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு முக்கியமான குறிப்பு. கணினியின் தமிழ் விசைப்பலகையை இயக்கிவிட்டு ஈமாக்ஸில் எழுதினால், சில கணினிகளில் கன்ட்ரோல் கட்டளைகள் வேலை செய்யாது. கன்ட்ரோலுடன் ஆங்கில எழுத்துக்குப் பதில் தமிழ் எழுத்து போய்ச் சேரும், ஈமாக்ஸுக்கு அது புரியாது. இதனாலேயே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கணினியை ஆங்கிலத்திலேயே விட்டுவிடுங்கள். ஈமாக்ஸுக்குள் கன்ட்ரோலுடன் பின்சாய்கோடு அழுத்தினால் அதன் சொந்த உள்ளீட்டு முறை இயங்கும். நான் தமிழ்-ஐட்ரான்ஸ் வைத்திருக்கிறேன். எழுத்துகள் தமிழில் விழும், கட்டளைகள் எப்போதும்போல் வேலை செய்யும். பதிப்பு 27-க்குக் குறையாமல் நிறுவுங்கள். ஹார்ஃப்பஸ் என்ற எழுத்து வடிவமைக்கும் நிரல் அதில்தான் சேர்ந்தது. கொம்பும் காலும் சரியான இடத்தில் உட்கார அது உதவும். ஆர்க் மோடின் அட்டவணைகள் மட்டும் தமிழில் கோணல்மாணலாகத்தான் நிற்கும், எழுத்துகளின் அகலம் ஒன்றுபோல் இல்லாததால். அட்டவணை தேவைப்பட்டால் நான் லிப்ரே ஆபிஸுக்குப் போய்விடுகிறேன்.

ஆர்க் மோடை உருவாக்கியவர் கார்ஸ்டன் டொமினிக், ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் வானியலாளர். 2003-இல் தன் சொந்தக் குறிப்புகளையும் வேலைகளையும் ஒழுங்குபடுத்த எழுதினார். 2007-இல் ஈமாக்ஸ் 22-உடனேயே சேர்ந்து வர ஆரம்பித்தது. ஆகவே ஈமாக்ஸ் நிறுவினால் தனியாக எதுவும் சேர்க்க வேண்டாம். யோசனை அதைவிடப் பழையது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் ஒரு கடைப் பட்டியலைத் திரையில் வகைவாரியாகப் பிரித்து, மூடியும் விரித்தும் காட்டினார். நீங்கள் விட்டுவிட நினைக்கும் மவுஸும் அதே மேடையில்தான் மக்கள் முன் வந்தது.

வாய்தா தேதிகளுக்கும் இதே கோப்புதான். தலைப்பில் தேதி போட்டுவிட்டால் இந்த வாரம் எந்த வழக்கு எங்கே என்று அஜெண்டா காட்டிவிடும். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இங்கே வேண்டாம். நீதிமன்றத்துக்கு நான் காகிதம்தான் கொண்டுபோகிறேன். கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-இ அழுத்தி ஓடிடி (.odt) கோப்பாக மாற்றி, லிப்ரே ஆபிஸில் திறந்து அச்செடுத்துவிடலாம்.

ஈமாக்ஸ் எல்லாருக்கும் ஒத்துவரும் என்று சொல்லமாட்டேன். வொர்க்ஃப்ளோயி என்ற குறிப்புக் கருவி இணையத்திலேயே திறக்கும், டேப் அழுத்தினால் உள்ளே போகும், அரை மணி நேரத்தில் பழகிவிடும். கட்சிக்காரர்களின் குடும்ப விவகாரம் என் கணினியை விட்டு வெளியே போகக் கூடாது என்பதால் நான் அதற்குப் போகவில்லை. உங்கள் பாடக் குறிப்புகளுக்கு அந்தத் தடை இல்லை.

எதையும் நிறுவுமுன் ஒன்று செய்யுங்கள். இப்போது இருக்கும் அதே வேர்ட் கோப்பில் தலைப்புகளுக்கெல்லாம் ஹெடிங் பாணி கொடுத்து, கன்ட்ரோல், ஆல்ட், ஓ மூன்றையும் அழுத்துங்கள். அவுட்லைன் காட்சி வரும். ஒரு தலைப்பை மடக்கிவிட்டு ஆல்ட், ஷிஃப்ட்டுடன் மேல் அம்பை அழுத்தினால் பகுதி முழுவதும் நகரும். இடது, வலது அம்புகளால் நிலை மாறும். ஒரு வாரம் ஒரே ஒரு பாடத்தை, சொத்துரிமை மாற்றச் சட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், இதில் அடுக்கிப் பாருங்கள். அதன் பிறகும் போதவில்லை என்று தோன்றினால் ஆர்க் மோடுக்கு வாருங்கள்.

கைப்பேசியில் ஆண்ட்ராய்டுக்கு ஆர்க்ஸ்லி ரிவைவ்டு, ஐபோனுக்கு பீஆர்க். இரண்டும் ஆர்க் கோப்புகளைத் திறக்கும். நான் கைப்பேசியில் எதையும் அடுக்குவதில்லை. வராந்தாவில் காத்திருக்கும்போது தோன்றுவதை 'வந்தவை' என்ற ஒரே தலைப்பின் கீழ் போட்டு வைக்கிறேன், சாயங்காலம் விசைப்பலகை முன் உட்கார்ந்ததும் ஒவ்வொன்றாக அதனதன் இடத்துக்கு ரீஃபைல் செய்கிறேன்.