பிபி மிஷின் வாங்கப் போறீங்களா? முதல்ல கையை அளந்துடுங்க

கேள்வி: அப்பாவுக்கு பிபி இருக்கு, வீட்லயே செக் பண்ண ஒரு மிஷின் வாங்கணும். டாக்டர்கிட்ட பாதரச மிஷின்ல ஒண்ணு காட்டுது, பிரெண்டோட டிஜிட்டல்ல வேற காட்டுது. பாதரசம்தான் கரெக்ட்னு சொல்றாங்களே, அதையே வாங்கிடலாமா? இல்ல மணிக்கட்டுல மாட்டுறது போதுமா?

பதில்: பாதரசம் வேணாங்க. அளவு கரெக்ட்டா இருக்கும், ஆனா அதுக்கு பழகுன காது வேணும். 1905ல கொரோட்காஃப்னு ஒரு ரஷ்ய டாக்டர் கண்டுபிடிச்ச வழி அது, கையில சுத்துற பட்டையில காத்தை மெதுவா இறக்கிட்டே ஸ்டெதாஸ்கோப்ல கேட்டா முதல் டப் சத்தம் வர்ற இடம் மேல் அளவு, சத்தம் அடங்குற இடம் கீழ் அளவு. இதை உங்க அப்பா தனியா உட்கார்ந்து பண்ண முடியாது. குழாய் உடைஞ்சா பாதரசம் விஷம் வேற, பாதரசத்தைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட 2013 மினமாட்டா ஒப்பந்தத்துக்கு அப்புறம் உலகம் பூரா அதை ஒதுக்கிட்டு வர்றாங்க.

டிஜிட்டல் மிஷின் சத்தத்தைக் கேட்டு அளக்காது. ஒவ்வொரு துடிப்புக்கும் பட்டைக்குள்ள காத்து லேசா அதிரும், அந்த அதிர்வை வெச்சு மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்கு போட்டு சொல்லும், அந்தக் கணக்கு கம்பெனிக்கு கம்பெனி மாறும். அதனால அஞ்சு பாயின்ட் முன்ன பின்ன வந்தா பயப்படாதீங்க. பேரைப் பார்த்து வாங்காம, அந்த மாடல் ஐஎஸ்ஓ 81060-2ங்கிற, பிபி மிஷினை சோதிக்கிற சர்வதேச முறைப்படி சோதிச்சதான்னு பாருங்க.

ஆனா நிறைய பேர் ஏமாறுறது மிஷின்ல இல்ல, பட்டையில. 1896ல இத்தாலியில ரிவா-ரோச்சி முதல்ல கையில பட்டை சுத்தி பார்த்தப்ப அது ரொம்ப ஒடுக்கம், அளவு கூடுதலா காட்டுச்சு, 1901ல ரெக்லிங்ஹவுசன்னு ஒருத்தர் அதைக் கண்டுபிடிச்சு அகலமாக்கினார். நூறு வருஷம் தாண்டியும் நாம அதே தப்பைத்தான் பண்றோம்! எங்க அம்மா கை சுற்றளவு 35 சென்டிமீட்டர், மிஷினோட வந்த பட்டை 22ல இருந்து 32 வரைக்கும்தான், இழுத்து ஒட்டி ஒட்டிப் பார்த்து தினமும் பிபி ஏறிடுச்சுன்னு அழுதாங்க, பெரிய பட்டை மாத்தினதும் பத்து பாயின்ட் போல குறைஞ்சுது. தோள் எலும்புக்கும் முழங்கைக்கும் நடுவுல டேப்பைச் சுத்தி அப்பா கை சுற்றளவை அளந்துட்டு அந்த சைஸ் பட்டை கேட்டு வாங்குங்க.

மணிக்கட்டு மிஷின், மேல்கையில எந்தப் பட்டையும் சேரலைன்னா மட்டும். கை நெஞ்சு மட்டத்துக்கு 10 சென்டிமீட்டர் கீழ இறங்கினாலே ஏழெட்டு பாயின்ட் ஏத்திக் காட்டும். மொபைல்ல விரல் வெச்சு பார்க்கிற ஆப் எல்லாம் நம்பவே நம்பாதீங்க.

வாங்கினதும் ஒரு தடவை டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய் ரெண்டையும் பக்கத்துல வெச்சு ஒத்துப் பாருங்க. வீட்ல யூரின் போயிட்டு வந்து, முதுகு சாய்ஞ்சு, கால் மேல கால் போடாம அஞ்சு நிமிஷம் சும்மா உட்காரணும், அப்புறம் பேசாம ஒரு நிமிஷ இடைவெளியில ரெண்டு தடவை எடுக்கணும். நீங்க பக்கத்துல நின்னு "எவ்வளவுப்பா"ன்னு கேட்டு அவர் பதில் சொன்னாலே ஏறும்.

அப்பாவுக்கு இதயத்துடிப்பு ஒழுங்கில்லாம இருக்குன்னு எப்பவாவது சொல்லியிருந்தா, டிஜிட்டல் வாங்குறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட கேட்டுடுங்க, அப்படிப்பட்டவங்களுக்கு இந்த அதிர்வுக் கணக்கு தடுமாறும்.