உவர்மலை வீட்டு மேல்மாடிக்குக் கண்ணாடி ஓடு மட்டும் போதுமா?

திருகோணமலை உவர்மலையில் பழைய ஓட்டு வீடு. இருண்டு கிடக்கும் மேல்மாடியை வாடகைக்கு விடும்படி வெளிச்சமான தனிவீடாக்க வேண்டும். கூரையில் பத்துக் கண்ணாடி ஓடு போட்டால் சரியா என்று கேட்கிறார் ஒரு வாசகர்.

வெளிச்சம் வரும், கூடவே சூடும் இறங்கும். திருகோணமலையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் மத்தியான வெயில் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாயும். அதனால் வடக்குச் சரிவு குளிர்ச்சி என்ற பேச்சு அந்த மாதங்களில், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலத்தில், எடுபடாது. கிழக்குச் சரிவில் நாலைந்து ஓடு போதும், மேற்கில் ஒன்றும் வேண்டாம்.

மிச்சத்தை யன்னலால் எடுங்கள். தரைப்பரப்பில் ஏழில் ஒரு பங்கு என்பது நல்ல கணக்கு: 12க்கு 14 அடி அறைக்கு 24 சதுர அடி, அதாவது 3க்கு 4 அடி யன்னல் இரண்டு. எதிரெதிர்ச் சுவர்களில் வைத்தால் காற்றும் ஓடும். கிழக்கு யன்னலில் மாரி மழை நேரே அடிக்கும். இரண்டரை அடி இறவாரமும் யன்னலடியில் வெளிப்பக்கம் சரிந்த கட்டும் இல்லாவிட்டால் உட்சுவர் ஊறிவிடும்.

தட்டையான சீலிங்கைக் கழற்றி, ஓட்டைத் தாங்கும் சரிவு மரமான கைமரத்தோடு சரிவாக அடித்தால் அறை உயரும். அந்த வேகத்தில் சுவருக்குச் சுவர் போகும் குறுக்கு மரத்தையும் அறுத்துவிடுகிறார்கள். கைமரங்கள் சுவரை வெளியே தள்ளாமல் பிடித்திருப்பது அதுதான். அறுத்தால் முகடு தாழும், சுவர் வெடிக்கும். அந்தக் குறுக்கு மரத்துக்கு வெள்ளை பூசி அப்படியே விடுங்கள், பார்க்கவும் லட்சணம். ஓட்டுக்குக் கீழ் விரிக்கும் வெள்ளித்தாளுக்கும் சீலிங்குக்கும் இடையில் ஓரங்குலமாவது வெளி இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் சூட்டைத் தடுக்காது.

தளம் மரமென்றால், சுவருக்குள் நுழையும் மர விட்டங்களின் முனைகளைக் குத்தூசியால் குத்திப் பாருங்கள். உக்கல் தொடங்குவது அங்கேதான். டைல்ஸுக்கு 2 அங்குலச் சீமெந்துப் படை போட்டால் சதுர அடிக்கு ஏறத்தாழ 10 கிலோ. மேற்சொன்ன அறைக்கு ஒன்றரைத் தொன்னுக்கு மேல். பொறியியலாளர் பார்க்காமல் போடாதீர்கள். 1000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி தனித் தூணில் நிற்கட்டும். குளியலறை கீழ்க்குளியலறைக்கு நேர் மேலே வந்தால் குழாய் வேலை பாதியாகும்.

பிணைச்சல், திருகாணி எல்லாம் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், கடல் காற்றுக்கு மற்றவை துருப்பிடிக்கும். உள்ளூராட்சிச் சபையின் அனுமதி கிடைத்த பிறகே சுவரைத் திறவுங்கள். கூரை வேலையைப் பெப்ரவரியில் தொடங்கி செப்டெம்பருக்குள் மூடிவிடுங்கள்.