டிராவை நிரப்ப அந்த டெலிகிராம் குழுவில் சேராதீர்கள்

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒவ்வொரு கிராண்ட்ஸ்லாம் டென்னிஸுக்கும் பெண்கள் ஒற்றையர் டிராவை, அதாவது யார் யாரோடு மோதுவார்கள் என்ற அட்டவணையை, ஒவ்வொரு சுற்றிலும் யார் ஜெயிப்பார் என்று கணித்து நிரப்பும் போட்டி வைப்போம். பணம் கிடையாது, ஜெயித்தவருக்கு மற்றவர்கள் பிரியாணி வாங்கித் தர வேண்டும். நான் தரவரிசையைப் பார்த்துத்தான் நிரப்புகிறேன். முதல் வாரத்திலேயே பாதி அடிபட்டுப் போகிறது. டெலிகிராமில் ஒருவர் மாதம் 1,500 ரூபாய் கட்டினால் 90 சதவீதம் சரியாகச் சொல்வதாகச் சொல்கிறார். சேரலாமா?

பதில்: சேராதீர்கள். மொத்த அலுவலகத்துக்கும் நீங்களே பிரியாணி வாங்கித் தந்தாலும் அதைவிட நல்ல செலவு.

அவர் சொல்லும் 90 சதவீதம் எப்படி வருகிறது தெரியுமா? 3,200 பேருக்குச் செய்தி போகிறது என்று வையுங்கள். பாதிப் பேரிடம் முன்னணி வீராங்கனை சபலென்கா ஜெயிப்பார் என்றும் மீதிப் பேரிடம் எதிராளி ஜெயிப்பார் என்றும் சொல்லிவிடுவார்கள். தவறான பதில் போனவர்களை விட்டுவிட்டு, மிச்சமுள்ள 1,600 பேரிடம் அடுத்த ஆட்டத்துக்கும் அதே வேலை. ஐந்து ஆட்டம் முடிந்தால் 100 பேர் கையில் ஐந்துக்கு ஐந்து சரியான கணிப்பு இருக்கும். அந்த 100 பேர் கேட்காமலே பணம் கட்டுவார்கள். இதற்கு டென்னிஸே தெரிந்திருக்க வேண்டாம். இன்னும் சிலர் முதல் சுற்றில் பெரிய சீடு (தரவரிசைப்படி டிராவில் தரப்படும் முன்னுரிமை எண்) உள்ள வீராங்கனைகளை மட்டும் சொல்லி எண்ணிக்கையை ஏற்றிக்கொள்வார்கள். ஸ்கிரீன்ஷாட்டை நம்பவே நம்பாதீர்கள், ஆட்டம் முடிந்த பிறகு செய்தியைத் திருத்துவதற்கு ஒரு நிமிடம் போதும். 'உள்ளே ஆள் இருக்கிறார், ஃபிக்ஸ் ஆன மேட்ச்' என்பவரைப் பற்றிப் பேசவே வேண்டாம். உண்மையிலேயே அப்படி ஒரு தகவல் கையில் இருப்பவர் அதை 1,500 ரூபாய்க்கு ஊரெல்லாம் விற்பாரா? அடுத்தபடியாக ஒரு பந்தய ஆப்பின் லிங்க் வரும், அதைத் தொடாதீர்கள். பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமே சட்டம் போட்டிருக்கிறது.

சரி, உங்கள் டிரா ஏன் உடைகிறது? ஒரு வீராங்கனை ஒவ்வொரு ஆட்டத்திலும் ஜெயிக்க 80 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். பட்டம் வெல்ல ஏழு ஆட்டம். ஏழையும் ஜெயிக்கும் வாய்ப்பு சுமார் 21 சதவீதம்தான். இதற்கு மேல் ஆண்களுக்கு ஐந்து செட், பெண்களுக்கு மூன்று. மோசமாகத் தொடங்கியவர் சுதாரிக்க நேரம் குறைவு. 2016 முதல் 2025 வரை நடந்த ஒன்பது விம்பிள்டனில் ஒன்பது வெவ்வேறு சாம்பியன்கள். 2023-ல் வென்ற வோண்ட்ரூசோவா சீடிங்கே பெறாதவர்.

தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் சேர்த்த புள்ளிகளின் கணக்கு, அவ்வளவுதான். களிமண்ணில் வாங்கிய புள்ளியும் புல்தரையில் வாங்கிய புள்ளியும் அதற்கு ஒன்று. 2022-ல் தொடர்ந்து 37 ஆட்டம் வென்றிருந்த முதல் நிலை வீராங்கனை ஷ்வியான்டெக், விம்பிள்டன் மூன்றாவது சுற்றில் அலிசே கோர்னேயிடம் தோற்றார்.

அதே விம்பிள்டனில் நடந்த கூத்து ஒன்று எனக்கு இன்றும் எரிச்சல். ரஷ்ய, பெலாரஸ் வீரர்களை விம்பிள்டன் தடுத்தது. பதிலுக்கு பெண்கள் டென்னிஸ் அமைப்பான டபிள்யூடிஏ அந்தப் போட்டிக்குப் புள்ளியே கிடையாது என்றது. சண்டை அமைப்புகளுக்குள், நஷ்டம் அந்த ஆண்டு பட்டம் வென்ற ரைபாகினாவுக்கு. பட்டம் வெல்லும் முன் தரவரிசையில் 23, வென்ற பிறகும் 23. வழக்கமாகக் கிடைக்கும் 2,000 புள்ளி சேர்ந்திருந்தால் முதல் பத்துக்குள் வந்திருப்பார். அடுத்த ஜனவரியில் ஆஸ்திரேலிய ஓப்பனில் விம்பிள்டன் சாம்பியனுக்கு 22-ம் சீடு, முதல் ஆட்டம் 13-ம் எண் கோர்ட்டில்! தரவரிசையை நம்பி டிரா நிரப்பியவர்கள் எல்லோரும் நான்காவது சுற்றில் ஷ்வியான்டெக் பெயரை எழுதியிருப்பார்கள். ரைபாகினா அவரை நேர் செட்களில் அனுப்பிவிட்டு இறுதிவரை போய், சபலென்காவிடம் மூன்று செட் ஆடித்தான் தோற்றார். அந்த 22 என்ற எண் அவருடைய ஆட்டத்தைச் சொல்லவில்லை, நிர்வாகம் போட்ட கணக்கைச் சொன்னது. தரவரிசையில் ஓர் எண் விசித்திரமாகத் தெரிந்தால், அந்த வீராங்கனைக்குப் புள்ளி எங்கே விட்டுப்போனது என்று முதலில் பாருங்கள். காயத்தால் பல மாதம் ஆடாமல் இருந்தவர்களுக்கும் இதே விதி.

அப்புறம் வேலை எளிது. அதே தரையில் கடந்த இரண்டு ஆண்டுகளில் எப்படி ஆடினார் என்று பாருங்கள். இலவசமாகவே கிடைக்கும் எலோ என்ற இன்னொரு மதிப்பீட்டு முறையில் தரைவாரியான பட்டியலும் உண்டு. யாரை வென்றார் என்பதையும் அது கணக்கில் எடுக்கும். நேருக்கு நேர் கணக்கைப் பெரும்பாலும் விட்டுவிடலாம், இரண்டு மூன்று ஆட்டத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. காலிறுதிவரை இப்படி நிரப்பிவிட்டு, அதற்கு மேல் உங்களுக்குப் பிடித்தவரை எழுதுங்கள். அங்கே என் கணிப்பும் உங்கள் கணிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

டிரா வெளியான அன்றே தாளைக் கொடுத்துவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால், தகுதிச் சுற்றில் தோற்றவர் அந்த இடத்துக்கு வருவார். அவரைப் பாவம் என்று கழித்துவிடவும் வேண்டாம். 2019-ல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரில் அப்படி உள்ளே வந்த 15 வயது கோகோ காஃப், இறுதியில் ஓஸ்டபென்கோவை வென்று தன் முதல் பட்டத்தோடு திரும்பினார். முதல் ஆட்டம் தொடங்கும் நாள் காலைவரை உங்கள் அலுவலகத்தில் அவகாசம் கேளுங்கள்.