ஹோஸ்ட்நேம் மாற்றம்: லினக்ஸ் கேள்வி பதில்

கேள்வி: டெபியன் சர்வரின் பெயரை (ஹோஸ்ட்நேம்) மாற்றியதிலிருந்து, நிர்வாகி உரிமையில் கட்டளை ஓட்டும் சூடோவைப் போட்டாலே ‘அனேபிள் டு ரிசால்வ் ஹோஸ்ட்’ என்று வருகிறது சார். கட்டளையும் தாமதமாகத்தான் ஓடுகிறது.

பதில்: பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. ‘ஹோஸ்ட்நேம்சிடிஎல் செட்-ஹோஸ்ட்நேம்’ என்ற கட்டளை ஈடிசி அடைவிலுள்ள ஹோஸ்ட்நேம் கோப்பை மாற்றும். பக்கத்திலேயே இருக்கும், எந்தப் பெயருக்கு எந்த முகவரி என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தொடாது. அங்கே 127.0.1.1 வரியில் பழைய பெயரே கிடக்கும். புதுப் பெயருக்கு முகவரி கிடைக்காமல் சூடோ டிஎன்எஸ்ஸிடம் (நெட்வொர்க்கில் பெயருக்கு முகவரி சொல்லும் சேவை) போய்க் கேட்கிறது, தாமதம் அதனால்தான். அந்த வரியைத் திருத்துங்கள். ரீபூட் தேவையில்லை. டெர்மினலில் பழைய பெயரே தெரிந்தால் வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள்.

கேள்வி: முழுப்பெயரைக் காட்டும் ‘ஹோஸ்ட்நேம் -எஃப்’ அடித்தால் ‘பில்லிங்’ என்று மட்டும் வருகிறது. டொமைனை எங்கே கொடுப்பது?

பதில்: அதே வரியில்தான். வரிசை முக்கியம்: முகவரி, முழுப்பெயர், பிறகு குறும்பெயர்.

127.0.1.1 பில்லிங்.ஆபீஸ்.இன்டர்னல் பில்லிங்

குறும்பெயரை முன்னால் போட்டால் அதையே முழுப்பெயராக எடுத்துக்கொள்ளும். ‘டொமைன்நேம்’ என்ற கட்டளையைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது என்ஐஎஸ் என்ற பழைய பயனர் விவரப் பகிர்வு முறையின் சமாச்சாரம், டிஎன்எஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

கேள்வி: ‘.லோக்கல்’ என்று முடிக்கலாமா? பெயரில் அண்டர்ஸ்கோர் வரலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். ‘.லோக்கல்’ எம்டிஎன்எஸ்ஸுக்கு (சர்வர் இல்லாமல் மெஷின்கள் தங்களுக்குள்ளேயே பெயர் தேடும் முறை) ஒதுக்கப்பட்டது, அதை லினக்ஸில் நடத்தும் அவாஹியோடு மோதும். உள் நெட்வொர்க்குக்கென்றே 2024-இல் இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகேன் அமைப்பு ஒதுக்கிய ‘.இன்டர்னல்’ இருக்கிறது. பெயரில் ஆங்கில எழுத்து, எண், ஹைஃபன் மட்டும். ஹைஃபன் முதலிலோ கடைசியிலோ வரக்கூடாது. புள்ளிக்குப் புள்ளி 63 எழுத்துதான் உச்சம்.

கேள்வி: கிளவுட் மெஷினில் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் பழைய பெயரே திரும்பி வருகிறதே அண்ணா?

பதில்: கிளவுட் மெஷினை பூட்டின்போது அமைத்துக்கொடுக்கும் கிளவுட்-இனிட்டின் வேலை. கிளவுட்.சிஎஃப்ஜி கோப்பில் ‘ப்ரிசர்வ்_ஹோஸ்ட்நேம்’ என்பதை ‘ட்ரூ’ ஆக்குங்கள். ஹோஸ்ட்ஸ் கோப்பைத் தானே எழுதும் ‘மேனேஜ்_ஈடிசி_ஹோஸ்ட்ஸ்’ ஆன் ஆகியிருந்தால் அதையும் அணையுங்கள். இல்லாவிட்டால் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நீங்கள் செய்த திருத்தம் அடுத்த பூட்டில் அழிந்துபோகும்.

கேள்வி: உபுண்டுவில் குறும்பெயரோடு டொமைனைத் தானே சேர்த்துத் தேட, டிஎன்எஸ் அமைப்பு இருக்கும் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ‘சர்ச்’ வரி சேர்த்தேன், காணாமல் போய்விட்டது.

பதில்: போகத்தான் செய்யும். அது சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்ற பெயர் தேடும் சேவை எழுதும் கோப்புக்கு ஒரு சுட்டி மட்டுமே, உள்ளே 127.0.0.53 இருந்தால் அந்தச் சேவையின் வேலைதான். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானின் கோப்பில் உங்கள் இன்டர்ஃபேஸின் கீழ் ‘நேம்சர்வர்ஸ்’ பகுதியில் ‘சர்ச்’ சேருங்கள். டேப் தட்டாமல் ஸ்பேஸ் போடுங்கள். எஸ்எஸ்எச் வழியாகத் தூரத்திலிருந்து உள்ளே வந்திருந்தால் ‘நெட்பிளான் அப்ளை’ வேண்டாம், ‘நெட்பிளான் ட்ரை’ போடுங்கள். இணைப்பு அறுந்து என்டர் தட்ட முடியாமல் போனால், 120 விநாடியில் பழைய அமைப்புக்கே திரும்பிவிடும்.